ஜிசிசி கம்பைலரை மூல நிரலிலிருந்து கட்டும்போது வரும் பிழைகள்: கடைமடையிலிருந்து மேலேறித் தேடும் முறை

நாஞ்சில் நாட்டில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், வயலுக்குள் நின்று யாரும் காரணம் தேடுவதில்லை. மண்வெட்டியோடு சானல் கரையில் மேலே நடந்து, எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரைக் கட்டும்போது வரும் பிழைகளையும் இப்படித்தான் தேட வேண்டும். திரையின் அடியில் வரும் ‘எரர் 2’ என்ற வரி, கீழ்நிலை வேலை ஒன்று தோற்றுவிட்டது என்று, கட்டும் வேலைகளை வரிசையாக நடத்தும் ‘மேக்’ நிரல் சொல்லும் தகவல் மட்டுமே. காரணம் அதற்குப் பல நூறு வரிகள் மேலே இருக்கக்கூடும்.

1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலில் வெளியிட்ட ஜிசிசி கம்பைலரை லினக்ஸ் கணினியில் கட்டுவதை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள்.

முதற்படி: இடத்தை ஒழுங்குபடுத்துதல்

மூல நிரல் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே கட்டாதீர்கள். அதற்கு வெளியே வெறுமையான வேறொரு கோப்புறையை உருவாக்கி, கணினியைச் சோதித்துக் கட்டுவதற்கு ஆயத்தம் செய்யும் ‘கான்ஃபிகர்’ கட்டளையை அங்கிருந்து இயக்குங்கள். நிறுவும் இடத்தைக் குறிக்கும் ‘பிரிஃபிக்ஸ்’ விருப்பத்தில் உங்கள் சொந்தக் கோப்புறையைக் கொடுத்தால், கணினியில் ஏற்கெனவே உள்ள கம்பைலருக்குத் தீங்கு வராது. வட்டில் 15 ஜிபி காலியாக இருப்பது நல்லது.

கட்டுவதற்கே ஒரு கம்பைலர் தேவை என்பதையும் மறக்க வேண்டாம். ஜிசிசி 11 முதல் 14 வரை, சி++ மொழியின் குறைந்தது சி++11 பதிப்பை அறிந்த கம்பைலர் வேண்டும்; ஜிசிசி 15 முதல் சி++14 அறிந்தது வேண்டும். பழைய கணினிகளில் முதல் பிழையே இங்குதான் வரும்.

இரண்டாம் படி: ‘கான்ஃபிகர்’ நிற்கும்போது

ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய மூன்று கணித நூலகங்கள் தேவை என்று சொல்லி நின்றால், அவை இல்லை என்று மட்டும் பொருள் கொள்ளாதீர்கள். நூலகம் இருந்து, அதைப் பயன்படுத்தத் தேவையான அறிவிப்புகள் கொண்ட தலைப்புக் கோப்புகள் இல்லாவிட்டாலும் இதே செய்திதான் வரும். உபுண்டு, டெபியன் போன்றவற்றில் ‘டெவ்’ என்று பெயர் முடியும் பொதிகளில்தான் தலைப்புக் கோப்புகள் இருக்கின்றன. தொடக்கநிலையினருக்கு இதைவிட எளிய வழி, மூல நிரலின் முதன்மைக் கோப்புறையில் நின்றுகொண்டு, ‘கான்ட்ரிப்’ கோப்புறைக்குள் உள்ள ‘டவுன்லோடு பிரிரிக்விசிட்ஸ்’ என்ற நிரலை இயக்குவதாகும். தேவையான நூலகங்களை அதுவே இறக்கி உரிய இடத்தில் வைத்துவிடும்.

32-பிட் நூலகங்கள் இல்லை என்று செய்தி வந்தால், ‘டிசேபிள்-மல்டிலிப்’ விருப்பத்தை இரண்டு சிறுகோடுகளுடன் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலோருக்கு 64-பிட் மட்டுமே போதும்.

மூன்றாம் படி: பெயரால் ஏமாற்றும் பிழை

அரைமணி நேரம் நன்றாக ஓடிய பிறகு, ‘பொருள் கோப்புகளின் பின்னொட்டைக் கணக்கிட முடியவில்லை’ என்ற பொருளில் ஒரு செய்தி வந்து நிற்கும். (பொருள் கோப்பு என்பது மொழிபெயர்க்கப்பட்ட நிரல்துண்டு; அதன் பெயரின் இறுதிப் பகுதியே பின்னொட்டு.) நானும் முதன்முறை பின்னொட்டு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வீணாக்கினேன். இப்பிழைக்கும் பின்னொட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. புதிதாகக் கட்டப்பட்ட கம்பைலர் ஒரு சிறு சோதனை நிரலைக்கூட மொழிபெயர்க்க முடியாமல் விழுந்திருக்கிறது என்பதே உண்மை.

செய்தி சுட்டும் ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பைத் திறக்கும்போது ஒரு கவனம் தேவை. அந்தப் பெயரில் பல கோப்புகள் இருக்கும். கட்டும் கோப்புறையின் மேல்மட்டத்தில் இருப்பதை அல்ல, உங்கள் கணினி வகையின் பெயர் கொண்ட உட்கோப்புறையில், ‘லிப்ஜிசிசி’ என்பதற்குள் இருப்பதைத் திறக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் ‘லிப்எம்பிசி’ போன்ற ஒரு நூலகத்தைத் திறக்க இயலவில்லை என்று எழுதியிருக்கும். நூலகங்களைத் தனியாகக் கட்டி வேறிடத்தில் நிறுவியவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது. இரண்டாம் படியில் சொன்ன இறக்கும் நிரலைப் பயன்படுத்தி, புதிய வெறுங்கோப்புறையில் மீண்டும் தொடங்குவதே சுருக்கமான தீர்வு.

நான்காம் படி: ‘மேக்’ இடையில் விழும்போது

வெளியீடு முழுவதையும் ‘டீ’ கட்டளை வழியாக ஒரு கோப்பில் சேமியுங்கள்; பிழைச் செய்திகளும் அதில் சேர 2>&1 என்ற குறியீடு வேண்டும். பல பணிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் அவற்றின் செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே பிழை வந்ததும் இணைப்பணி எதுவும் இல்லாமல் ‘மேக்’ கட்டளையை மீண்டும் ஒருமுறை இயக்கினால், அதே இடத்தில் நின்று காரணத்தைத் தெளிவாகக் காட்டும். பிறகு சேமித்த கோப்பில் முக்காற்புள்ளியோடு ‘எரர்’ என்ற சொல் முதலில் எங்கே வருகிறது என்று தேடுங்கள்.

‘கில்டு’ என்ற சொல்லோடு, சி++ நிரலை மொழிபெயர்க்கும் உட்பகுதியான ‘சிசி1பிளஸ்’ நின்றுபோனால் மூல நிரலில் குறை இல்லை. நினைவகம் தீர்ந்ததால் லினக்ஸின் மையப் பகுதியான கருவே அப்பணியைக் கொன்றிருக்கிறது. ‘டிமெசேஜ்’ (dmesg) என்று படிக்கப்படும் கட்டளை காட்டும் கருவின் பதிவில் இதை உறுதிசெய்யலாம். 4 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் எட்டுப் பணிகளை ஒன்றாக ஓடவிடுவது ஆசைதான். இரண்டோடு நிறுத்தி, நினைவகம் போதாதபோது கைகொடுக்க வட்டில் 4 ஜிபி ஸ்வாப் கோப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பைலரின் உட்பிழை என்ற செய்தி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பில் வந்தால், நினைவகச் சில்லையோ சூட்டையோ ஐயப்படுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பில் வந்தால் மட்டுமே நிரலை ஐயப்படலாம்.

ஐந்தாம் படி: கரண்ட் போன பிறகு

மார்த்தாண்டம் பக்கம் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. மின்சாரம் வந்ததும் ‘மேக்’ என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த பொருள் கோப்பு பாதியிலேயே நின்றிருக்கும், அதன் நேரமுத்திரை புதியதாக இருப்பதால் ‘மேக்’ அதை முடிந்த வேலையாக எண்ணிவிடும். ‘கோப்பு துண்டிக்கப்பட்டுள்ளது’ என்று, பொருள் கோப்புகளை ஒன்றுசேர்க்கும் இணைப்பி பிறகு முறையிடுவது இதனால்தான். இணைப்பி பெயர் சொல்லும் கோப்பையும், சுழிய அளவுள்ள பொருள் கோப்புகளையும் அழித்துவிட்டுத் தொடருங்கள்.

பழைய மேசைக்கணினியில் தாய்ப்பலகையின் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரமும் பின்னால் போய்விடும். ‘கிளாக் ஸ்கியூ’ என்ற எச்சரிக்கையைப் பார்த்தால் நேரத்தைச் சரிசெய்து, புதிய கோப்புறையில் முதலிலிருந்து கட்டுங்கள். நேரமுத்திரைகளை நம்பியே எதைக் கட்ட வேண்டும் என்று ‘மேக்’ முடிவு செய்கிறது.

ஆறாம் படி: ஒப்பீடும் நிறுவலும்

ஜிசிசி தன்னைத்தானே மூன்று கட்டங்களாகக் கட்டிக்கொண்டு, இரண்டாம், மூன்றாம் கட்டப் பொருள் கோப்புகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடும். அதில் வேறுபாடு வந்தால் நிறுவாதீர்கள்; அந்தக் கம்பைலர் தவறான நிரலை உருவாக்கக்கூடும்.

நிறுவிய பின், புதிய கம்பைலரால் ஆக்கிய சி++ நிரல், தனக்கு வேண்டிய சி++ நூலகத்தின் ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்’ பதிப்பு கிடைக்கவில்லை என்று சொன்னால், அது கணினியின் பழைய நூலகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் நிறுவிய இடத்தில் உள்ள ‘லிப்64’ கோப்புறையை, நிரல் ஓடும்போது நூலகத்தைத் தேடும் இடத்தைக் குறிக்கும் ‘ஆர்பாத்’ விருப்பத்தின் வழியாக இணைப்பிக்குக் காட்டி, நிரலை மீண்டும் ஆக்குங்கள்.