குடும்ப நாவலைத் தினம் எட்டுப் பக்கமாக வாசித்து முடிப்பது எப்படி?

குடும்ப நாவலைப் பாதியில் வைத்துவிடுகிறவர்களில் பலருக்கு நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. நாலு நாள் கழித்துத் திறக்கும்போது "இந்தத் தங்கச்சி யாருக்குத் தங்கச்சி?" என்று குழம்பி, அங்கேயே மூடிவிடுகிறார்கள். அதனால் இந்த முறையில் பக்கக் கணக்கைவிட உறவுக் கணக்குக்குத்தான் வேலை அதிகம்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாவல் 250 பக்கத்துக்குள் இருக்கட்டும். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) தோதானது. சின்ன நாவல், கதை பெரும்பாலும் ஒரு வீட்டைச் சுற்றியே நகரும், பேச்சும் நம் பனைவிளைப் (பனந்தோப்புப்) பேச்சு. இரணியலைக் களமாகக் கொண்ட நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) அதற்கு அடுத்தது. ஆள்கூட்டம் அதிகம் என்பதால் அதை முதலில் எடுக்க வேண்டாம். நூலகப் புத்தகம் என்றால் தவணைத் தேதியை முதல் நாளே பாருங்கள். தினம் எட்டுப் பக்கம் என்றால் 240 பக்கத்துக்கு ஒரு மாதம் ஆகும், எனவே இடையில் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

அளவை முடிவுசெய்யுங்கள். முதல் இரண்டு நாள் வேகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பெயர்களும் நடையும் புதிது என்பதால் அப்போது வாசிப்பு இழுக்கும். மூன்றாம் நாள் கடிகாரம் வைத்து 15 நிமிடம் வாசித்துப் பாருங்கள். எட்டுப் பக்கம் வந்தால் அதுதான் உங்கள் அளவு. ஐந்துதான் வந்தால் ஐந்தே போதும். குழித்துறையிலோ இரணியலிலோ ரயில் ஏறுகிறவர்களுக்கு அந்த நேரமே தாராளம். மார்த்தாண்டம் பஸ்சில் வளைவுகளுக்கு நடுவே வாசித்தால் பலருக்குத் தலைசுற்றும், அங்கே முயல வேண்டாம்.

அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். அத்தியாய முடிவில் ஒரு விஷயம் அடங்கிவிடும், அடுத்த அத்தியாயம் வேறொரு அடுக்களையில் வேறு ஆட்களோடு தொடங்கும். மறுநாள் ஒரு பிடியும் இல்லாமல் உள்ளே நுழைய வேண்டியிருக்கும். அடுத்த அத்தியாயத்தில் இரண்டு மூன்று பத்தி போய், யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தபிறகு மூடுங்கள். சொந்தப் புத்தகம் என்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. நூலகப் புத்தகம் என்றால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் பக்க எண்ணும் பத்தி எண்ணும்.

உறவுத்தாள் போடுங்கள். கோடு போடாத ஒரு தாளை இரண்டாக மடித்துப் புத்தகத்துக்குள் வையுங்கள். மூத்தவர் மேலே, தம்பதிக்கு நடுவே இரட்டைக் கோடு, பிள்ளைகளுக்குக் கீழ்நோக்கிய கோடு, இறந்தவருக்குப் பெருக்கல் குறி, பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கு இடையே நெளிகோடு. ஒருவர் பெயர் இரண்டாம் முறை வந்த பிறகே எழுதுங்கள். இல்லாவிட்டால் மீன் விற்க வந்தவரும் வம்சத்தில் ஏறிவிடுவார்!

பெயருக்குப் பக்கத்தில் அவரை யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் குறியுங்கள். ஒரே பெண் ஒருவருக்கு மயினி (அண்ணன் மனைவி), இன்னொருவருக்கு மாமி, மூன்றாமவருக்குச் சம்மந்தி. குமரியில் பல வீடுகளில் அப்பாவின் சகோதரியும் மாமி, தாய்மாமன் மனைவியும் மாமி. 'மாமி வந்திருக்கா' என்று வந்தால், சொல்வது யார் என்று பார்க்காமல் தாண்டக்கூடாது.

பழைய நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பக் கதை என்றால் தாளின் வடிவமே மாறும். அங்கே மருமக்கள்வழி இருந்தது. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும். எனவே மேலே காரணவர் (குடும்பத்தை நடத்தும் மூத்த தாய்மாமன்), பக்கத்தில் அவருடைய சகோதரிகள், அவர்களுக்குக் கீழே மருமக்கள் என்று வரையுங்கள். அப்பாவிலிருந்து மகனுக்குக் கோடு இழுத்தால் கதையில் நடக்கிற பாதிச் சண்டைக்குக் காரணமே பிடிபடாது. இந்த முறையை மாற்றிய திருவிதாங்கூர்ச் சட்டம் வந்தது 1926-ல். கதை அதற்கு முன்னாலா பின்னாலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளின் பின்பக்கம் இரண்டு வாய்பாடு போதும். பழைய கதைகளில் காலத்தைக் கொல்லம் ஆண்டில் (ஆவணியில் தொடங்கும் மலையாள ஆண்டு) சொல்வார்கள்; அதோடு ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. கதையில் வரும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்ற பெருவெள்ளம் கொல்லம் 1099 ஆடி, அதாவது 1924. காசு விஷயத்தில், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். சீதனம் பேசுகிற இடங்களில் இது தெரியாவிட்டால் தொகை பெரிதா சிறிதா என்றே புரியாது.

மூடும்முன் ஒரு வரி எழுதுங்கள். என்ன நடந்தது என்று எழுத வேண்டாம். 'மூத்தவன் விளையை விற்கப் பார்க்கிறான், அம்மா கையெழுத்துப் போடவில்லை' என்பதுபோல, யாருக்கு யாரிடம் என்ன வேண்டும் என்று எழுதுங்கள்.

நாள் தவறினால் மறுநாள் பதினாறு பக்கம் வாசித்து ஈடுகட்ட நினைக்காதீர்கள். அந்தப் பதினாறு மலைப்பாகி, மூன்றாம் நாளும் தவறும். கடைசி இரண்டு பக்கத்தைத் திரும்ப வாசித்துவிட்டு வழக்கமான அளவுக்கே போங்கள். இடைவெளி பத்து நாளைத் தாண்டினால் உறவுத்தாள், எழுதிய வரிகள், கடைசி அத்தியாயம் என்ற வரிசையில் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

கடைசி நாற்பது பக்கத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். கல்யாணமோ சாவோ பாகப்பிரிவினையோ, எல்லாரும் ஒரே முற்றத்தில் கூடுவது பெரும்பாலும் அங்கேதான். எட்டு எட்டாக வெட்டினால் யார் சொன்னதற்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பது நழுவிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை அதற்கென்று ஒதுக்கி, ஒரே இருப்பில் முடியுங்கள்.