சம்பளம் கேட்டால் முதலில் தொகையைச் சொல்லாதீங்க

‘எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?’ன்னு ஹெச்ஆர் போனில் கேட்டால், ‘இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க, அதுல ஃபிக்ஸட் (மாசாமாசம் உறுதியா வர்றது) எவ்வளவு?’ன்னு திருப்பிக் கேளுங்க. பெரும்பாலும் ஒரு தொகையை முடிவுசெய்த பிறகுதான் கூப்பிடுவாங்க. நாகர்கோவிலில் 18,000 வாங்குறவர், திருவனந்தபுரம் டெக்னோபார்க் வேலைக்கு 25,000 கேட்பதே பெரிய தாவல்னு நினைப்பார். அங்கே 35,000 வரை தரத் தயாரா இருந்திருக்கலாம். பழைய சம்பளத்தோடு கூட்டிச் சொன்னா நம்ம ஊர் ரேட்டும் கூடவே வந்துடும்.

விடாமல் கேட்டால், கைக்கு வரவேண்டிய மாதத் தொகையைச் சொல்லுங்க. சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 6 லட்சம்னா மாசம் 50,000 கைக்கு வராது. கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை), வேரியபிள் (வேலையைப் பொறுத்துக் கூடக் குறைய வரும் தொகை) எல்லாம் அதுக்குள்ளேயே அடங்கும். வேரியபிள்தான் ஆளை ஏமாத்துறது. போன வருஷம் அதுல எத்தனை சதவீதம் கொடுத்தாங்கன்னு கூச்சப்படாமல் கேளுங்க.

அரசு வேலை, வங்கித் தேர்வு, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு இது உதவாது. அங்கே சம்பளம் முன்பே நிர்ணயமானது. ஆன்லைன் விண்ணப்பத்தில் எண் போட்டே ஆகணும்னா, அதே மாதிரி வேலையில் இருக்கும் ரெண்டு பேரிடம் விசாரிச்சுட்டுப் போடுங்க.