அயர்லாந்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரையா? சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே எழுதலாம்

அயர்லாந்தின் வரலாறு, சமயம், சமூகம் என்று தலைப்பு எடுப்பவர்களில் பலர் அங்கே கிறிஸ்தவத்தைப் பரப்பிய செயின்ட் பேட்ரிக்கில் தொடங்கி, வட அயர்லாந்து மோதலை முடிவுக்குக் கொண்டுவந்த 1998 புனித வெள்ளி உடன்படிக்கை வரை எல்லாவற்றையும் ஒரே கட்டுரைக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உங்களால் முழுதாகப் படித்து முடிக்கக்கூடிய ஒரு சின்ன ஆவணத் தொகுதியை முதலில் பிடியுங்கள், கேள்வி அதற்குள்ளிருந்து வரட்டும்.

அப்படிப்பட்ட தொகுதி எங்கே கிடைக்கும்? அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் துண்டு துணுக்குகள்தான் மிச்சம். 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922 ஜூனில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனது. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசாங்கமே அழித்துவிட்டது. அயர்லாந்தைப் பற்றி எழுதுகிறவர் இந்த இழப்பைத் தெரிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும், ஏனென்றால் பல கேள்விகளுக்கு நேரடிச் சான்று இல்லாமல் போனதற்குக் காரணமே இதுதான்.

1911 படிவத்தில் பெயர், வயது, தொழில், சமயம், எழுதப் படிக்கத் தெரியுமா, ஐரிஷ் மொழி தெரியுமா எல்லாம் உண்டு. அதோடு திருமணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்றும் கேட்டிருக்கிறார்கள். இதை வைத்து ஒரு நல்ல கேள்வியைக் கட்டிக் காட்டுகிறேன். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் செய்யும் கலப்பு மணம் கத்தோலிக்கக் குருவின் முன்னிலையில் நடக்காவிட்டால் திருச்சபையின் பார்வையில் செல்லாது என்ற கட்டுப்பாடு, 'நே தெமெரே' என்ற ஆணையின் வழியாக 1908இல் அயர்லாந்தில் நடைமுறைக்கு வந்தது. பெல்ஃபாஸ்டில் இது பெரும் அரசியல் கொந்தளிப்பாகவே மாறியது. இப்போது பெல்ஃபாஸ்டில் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் ஒரு சமயம், மனைவி வேறு சமயம் என்றிருக்கும் வீடுகளைத் தேடுங்கள். 1908க்கு முன் மணந்தவர்கள், பின் மணந்தவர்கள் என்று இரண்டாகப் பிரியுங்கள். பிள்ளைகளுக்கு எந்தச் சமயம் எழுதப்பட்டிருக்கிறது? அவ்வளவுதான் கேள்வி. ஆனால் இதற்குள் சமயம், குடும்பம், அரசியல் மூன்றும் தானாகவே வந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், படிவத்தில் இருப்பது குடும்பத் தலைவர் சொன்னது, பிள்ளை உண்மையில் எந்தக் கோயிலுக்குப் போனது என்பது வேறு விஷயம்.

அடுத்தது சமயப் பிரிவுகள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று இரண்டே கட்சியாக எழுதுவதுதான் நம்மிடையே அதிகம் பார்க்கும் குறை. குறைந்தது மூன்றாகப் பிரியுங்கள்: கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அயர்லாந்துத் திருச்சபையினர், ஸ்காட்லாந்து மரபில் வந்த புராட்டஸ்டண்டுகளான பிரஸ்பிட்டேரியர். பதினெட்டாம் நூற்றாண்டின் தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கரை நசுக்கின, சரி, ஆனால் பிரஸ்பிட்டேரியரையும் பதவிகளிலிருந்து தள்ளிவைத்தன. அதை விட்டுவிட்டால், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியில் வடக்கே அல்ஸ்டர் மாகாணத்துப் பிரஸ்பிட்டேரியர்கள் ஏன் அவ்வளவு பேர் சேர்ந்தார்கள் என்பதை விளக்கவே முடியாது. நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. திருநெல்வேலியில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் வட்டாரத்தில், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், அவரோ பின்னாளில் ஆங்கிலிக்கன் பிஷப். அவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? அப்புறம், அல்ஸ்டரும் வட அயர்லாந்தும் ஒன்றல்ல: அல்ஸ்டரில் ஒன்பது மாவட்டங்கள், வட அயர்லாந்தில் ஆறு.

1845இல் உருளைக்கிழங்கு நோயால் தொடங்கிய பெரும் பஞ்சத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1841இல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் சுமார் 65 லட்சமாகக் குறைந்தது. இந்த வித்தியாசத்தை அப்படியே சாவுக் கணக்காக எழுதாதீர்கள், இறந்தவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம், அதே அளவுக்கு மேல் கப்பலேறிப் போனவர்கள். 'கொடூரமான ஆட்சி' என்று எழுதிவிட்டு நகர்வதைவிட, பிரிட்டிஷ் ஆட்சி என்ன செய்தது என்று காட்டுவது எவ்வளவோ வலுவானது: 1847 கோடையில் நாளொன்றுக்கு முப்பது லட்சம் பேருக்கு உணவளித்த கஞ்சித் தொட்டிகள் சில மாதங்களில் மூடப்பட்டன. அதே ஆண்டுச் சட்டம், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தவருக்கு நிவாரணம் இல்லை என்றது. நிலத்தை விடு, இல்லாவிட்டால் பட்டினி கிட என்பதுதான் அதன் பொருள். நிவாரணப் பணத்தைக் கையில் வைத்திருந்த கருவூல அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார் என்பது தமிழ் வாசகர்கள் நின்று யோசிக்க வேண்டிய தொடர்பு.

சிங்கப்பூரில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி. இங்கே ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகை தொடங்கியது 1845 ஜூலையில், அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோய் தெரிய வந்தது அதே ஆண்டு செப்டம்பரில். தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இலவசம், பஞ்சச் செய்தி கப்பலில் இங்கு வந்து எப்படி அச்சானது என்று தேடிப் பார்ப்பதே தனிக் கட்டுரைக்குப் போதும். விக்டோரியா ஸ்ட்ரீட்டில் இருக்கும் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில் நூலகரிடம் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள், உதவுவது அவர்கள் வேலை. அயர்லாந்து ஆளுமைகளைப் பற்றி உடனே சரிபார்க்க, அயர்லாந்து வாழ்க்கை வரலாற்று அகராதி 2021 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

மற்ற ஆய்வாளர்களைப் படிக்கும்போது அவர்கள் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 1938இல் தொடங்கிய 'ஐரிஷ் ஹிஸ்டாரிக்கல் ஸ்டடீஸ்' இதழைச் சுற்றி வளர்ந்தவர்கள் தேசியவாதக் கதையைச் சான்றுகளால் உரசிப் பார்க்க முனைந்தார்கள். பின்னால் வந்தவர்களில் சிலர், அந்த நிதானம் மக்கள் பட்ட துன்பத்தையே மழுங்கடித்துவிட்டது என்று எதிர்த்தார்கள். இருதரப்பையும் படிக்காமல் முடிவுரை எழுத உட்காராதீர்கள்.

மணமாகாத தாய்மார்களையும் அவர்கள் குழந்தைகளையும் வைத்திருந்த தாய்-சேய் இல்லங்கள் போன்ற அண்மைக்கால விஷயத்தைத் தொட்டால் இன்னும் கவனம் வேண்டும். 2021இல் வெளியான விசாரணை ஆணைய அறிக்கை, 18 நிறுவனங்களில் சுமார் 9,000 குழந்தைகள் இறந்ததாகச் சொன்னது. ஆனால் தங்கள் சாட்சியம் சரியாகப் பதிவாகவில்லை என்று அங்கே வாழ்ந்த பெண்கள் பலர் மறுத்தார்கள். அறிக்கையை மேற்கோள் காட்டும் அதே பத்தியில் அவர்கள் மறுப்பும் இடம்பெற வேண்டும்.

கடைசியாக அடிக்குறிப்பு. கணக்கெடுப்புப் படிவம் ஒன்றைக் காட்டினால் ஆண்டு, மாவட்டம், தேர்தல் வட்டாரம், தெரு, வீட்டு எண் எல்லாவற்றையும் பார்க்கும்போதே எழுதிவையுங்கள், பிறகு தேடலாம் என்று விட்டால் அதே வீட்டை மறுபடி கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுதே போய்விடும்.