தேஞ்சு போன கார் சாவி கவரை நாமளே மாத்தறது எப்படி

சாவியில பட்டன் ரப்பர் கிழிஞ்சு உள்ள இருக்கற சர்க்யூட் போர்டு எட்டிப் பாக்குது, வளையம் மாட்ற இடம் உடைஞ்சு போச்சு, மடக்கு சாவின்னா பிளேடு நிக்காம தொங்குது. இப்படி ஆன உடனே புது சாவியே வாங்கணும் போலன்னு நிறைய பேர் பயந்துடறாங்க. ரிமோட் அமுக்கினா கதவு திறக்குது, வண்டியும் ஸ்டார்ட் ஆகுதுன்னா கெட்டுப் போனது வெறும் பிளாஸ்டிக் கூடு மட்டும்தான், அதை மட்டும் மாத்தினா போதும், புரோகிராமிங், அதாவது சாவியை வண்டியோட சேர்க்கற வேலை, பெரும்பாலும் தேவைப்படாது. ஏன்னா உங்க வண்டிக்கு தெரிஞ்சது உள்ள இருக்கற சாமானைத்தான், கவரை இல்ல.

முதல்ல உள்ள என்ன இருக்குன்னு புரிஞ்சுக்கணும், இதை விட்டுட்டு நேரா ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க. சாவிக்குள்ள மூணு தனித்தனி வேலை நடக்குது. பிளேடு, அது பூட்டை திருப்பறதுக்கு. ரிமோட் போர்டு, அது பேட்டரில ஓடி கதவை திறந்து மூடும், பெரும்பாலும் 315 இல்லன்னா 433.92 மெகாஹெர்ட்ஸ்ல சிக்னல் அனுப்பும். மூணாவதுதான் முக்கியம், டிரான்ஸ்பாண்டர் சிப். இதுக்கு பேட்டரியே கிடையாது, சாவி போடற துவாரத்தை சுத்தி ஒரு கம்பிச் சுருள் இருக்கும், அதுலருந்து வர்ற சக்தியிலயே முழிச்சு தன் நம்பரை சொல்லும், அந்த நம்பர் சரியா இருந்தாத்தான் இன்ஜின் ஓடும். இதுக்குப் பேருதான் இம்மொபிலைசர், ஐரோப்பாவுல 1998லருந்து புது கார்களுக்கு கட்டாயமாவே ஆக்கிட்டாங்க.

சில சாவியில இந்த சிப் போர்டுலயே சேர்ந்து இருக்கும், பட்டன் அமுக்கி ஸ்டார்ட் பண்ற வண்டிகளோட ஸ்மார்ட் சாவி எல்லாம் அப்படித்தான். ஆனா நிறைய சாவியில சிப் தனியா, கவரோட ஒரு ஓரத்துல குட்டி பள்ளத்துக்குள்ள சொருகி இருக்கும், விரல் நகத்தை விட சின்ன கருப்பு துண்டு, இல்லன்னா அரிசி மாதிரி ஒரு கண்ணாடி குப்பி. நான் முதல் தடவை கவர் மாத்தினப்போ போர்டை மட்டும் புதுசுல வச்சு பட்டனை அமுக்கினேன், கதவு திறந்துச்சு, வேலை முடிஞ்சுதுன்னு பழைய கவரை குப்பையில போட்டுட்டேன். மறுநாள் காலையில வண்டி ஸ்டார்ட் ஆகி ரெண்டே செகண்ட்ல நின்னு போச்சு, டேஷ்போர்டுல சாவி படம் போட்ட லைட் விட்டு விட்டு எரியுது. குப்பைக்கூடையை கொட்டி தேடி அந்த கருப்பு துண்டை எடுத்தப்புறம்தான் மூச்சே வந்துச்சு. அதனாலதான் சொல்றேன், புது கவர்ல வண்டி ஓடி பாக்காம பழைய கவரை தூக்கிப் போடவே போடாதீங்க.

ஒரிஜினலா, காப்பியா

ஒரிஜினல்னா கார் கம்பெனி பேர்ல வர்றது. இதுல சிக்கல் என்னன்னா நிறைய மாடலுக்கு கம்பெனி கவரை மட்டும் தனியா விக்கறதில்ல, உள்ள எலக்ட்ரானிக்ஸோட முழு சாவியாத்தான் தருவாங்க, அதை வாங்கினா புரோகிராமிங்கும் பண்ணணும். அதனால பார்ட்ஸ் கவுண்டர்ல வண்டி நம்பரும் சேசிஸ் நம்பரும் குடுத்து "கூடு மட்டும் தனியா வருமா"ன்னு முதல்ல கேட்டுடுங்க. வந்தா யோசிக்காம அதையே வாங்குங்க, பிளாஸ்டிக் கெட்டியா இருக்கும், ரெண்டு பாதியும் இடைவெளி இல்லாம உக்காரும், ரப்பர் பல வருஷம் தாங்கும்.

தனியா வரலன்னா காப்பிதான் வழி, அதுல தப்பும் இல்ல. ஆனா காப்பில தரம் ரொம்ப மாறும். ஓரம் பிசிறா இருக்கறது, பட்டன் ரப்பர் தடியா இருந்து எப்பவும் அமுங்கியே நிக்கறது, பிளேடு இரும்பு மெத்துன்னு இருந்து வளையறது, இதெல்லாம் மட்டமான காப்பில வரும். பட்டன் அமுங்கியே நின்னா பேட்டரி சீக்கிரம் செத்துடும், இது நிறைய பேருக்கு தெரியாது. என் யோசனை என்னன்னா கவரை காப்பி வாங்கினாலும் பழைய ஒரிஜினல் பிளேடை அதுல மாட்ட முடிஞ்சா மாட்டிக்கோங்க. பூட்டுக்குள்ள போற இரும்பு நல்லதா இருக்கணும், கையில பிடிக்கற பிளாஸ்டிக் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா பரவால்ல.

வாங்கறதுக்கு முன்னாடி பழைய சாவியை திறந்து உள்ள போட்டோ எடுத்துக்கோங்க, வெளிய பாத்து மட்டும் ஆர்டர் போடாதீங்க. எத்தனை பட்டன், பட்டன் எந்த இடத்துல, பிளேடுல இருக்கற பள்ளம் எந்தப் பக்கம், சிப் வைக்க இடம் இருக்கா, இதோட பேட்டரி கிளிப் எங்க இருக்குன்னும் பாக்கணும். வெளிய ஒரே மாதிரி இருக்கற கவர்ல ஒண்ணுல பேட்டரி கிளிப் போர்டுல இருக்கும், இன்னொண்ணுல கவர்ல இருக்கும், பெஜோ, சிட்ரோன் மடக்கு சாவியில இந்த ரெண்டு வகையும் உண்டு. மாத்தி வாங்கினா எல்லாம் கச்சிதமா உக்காரும், ஆனா கரண்ட் மட்டும் போகாது.

இனி வேலை

வேலை செய்யற ஸ்பேர் சாவி ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும். மேஜைல வெள்ளைத் துணி விரிச்சுக்கோங்க, சின்ன ஸ்பிரிங் பறந்தாலும் கண்ணுக்கு தெரியும்.

முதல் ஸ்டெப், திறக்கறது. ஸ்டிக்கருக்கு அடியில, லோகோவுக்கு அடியில ஸ்க்ரூ ஒளிஞ்சு இருக்கான்னு பாருங்க. ஸ்மார்ட் சாவின்னா உள்ள இருக்கற எமர்ஜென்சி பிளேடை உருவினா அந்த இடத்துலயே நெம்பறதுக்கு பிளவு இருக்கும். இரும்பு ஸ்க்ரூ டிரைவரை ஆழமா விட்டு குத்தாதீங்க, போர்டு பக்கத்துலயே இருக்கு, பழைய பிளாஸ்டிக் கார்டு ஒண்ணை சந்துல விட்டு சுத்தி வந்தா கிளிப் ஒண்ணொண்ணா விடும். ஒட்டி மூடின கவர்னா ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டிட்டு கோட்டு மேலயே மெதுவா கத்தியால கீறணும், அவசரம் கூடவே கூடாது.

ரெண்டாவது, போர்டை எடுக்கறது. பேட்டரி எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு போட்டோ எடுங்க. போர்டை ஓரத்துல பிடிச்சு தூக்குங்க, தங்க கலர் பட்டன் இடத்தை விரலால தொடாதீங்க, அழுக்கு இருந்தா ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க, தண்ணி வேண்டாம். பழைய செல்லை அப்படியே போடறதை விட புதுசு போட்டுடலாம், அதே நம்பர்தான் போடணும். 2032ம் 2025ம் அகலம் ஒண்ணுதான், 20 மில்லிமீட்டர், ஆனா ஒண்ணோட தடிமன் 3.2, இன்னொண்ணு 2.5, மாத்திப் போட்டா ஒண்ணு கிளிப்பை வளைச்சுடும் இல்லன்னா ஆட்டம் குடுக்கும்.

மூணாவது, சிப். போர்டை எடுத்தப்புறம் காலி கவரை வெளிச்சத்துல திருப்பி திருப்பி பாருங்க, பிளேடு பக்கத்துலயும் தேடுங்க. இருந்தா மெல்லிசான ஊசியால ஓரத்துலருந்து தள்ளி எடுங்க, நடுவுல அழுத்தாதீங்க, கண்ணாடி வகை பட்டுனு உடைஞ்சுடும், உடைஞ்சா புது சிப் வாங்கி வண்டியோட சேர்க்கணும். பசை வச்சு பிடிச்சிருந்தா அந்த பிளாஸ்டிக் துண்டோட வெட்டி எடுத்து புது கவர்ல வைக்கறதுதான் பத்திரம். புதுசுல லூசா இருந்தா ஒரு சொட்டு ரப்பர் பசை போதும்.

நாலாவது பிளேடு, கஷ்டமான இடம் இதுதான். மடக்கு சாவியில பிளேடை ஒரு சின்ன குறுக்கு பின் பிடிச்சிருக்கும், சிலதுல ஸ்க்ரூ. பின்னுன்னா மரக்கட்டை மேல சாவியை வச்சு, பின்னை விட கொஞ்சம் ஒல்லியான பஞ்ச், அதாவது பின்னைத் தள்ளற இரும்புக் குச்சி வச்சு சின்ன சுத்தியலால தட்டித் தட்டி வெளிய தள்ளணும். புது கவரோட பிளேடையும் இதே மாதிரி கழட்டிட்டு பழசை மாட்டுங்க, ஓட்டை நேரா வராட்டி அடிச்சு ஏத்தாதீங்க, அந்த கவர் உங்க பிளேடுக்கு பொருந்தல. அப்போ புது பிளேடை வெட்டித்தான் ஆகணும். பழசு ரொம்ப தேஞ்சிருந்தா அதைப் பாத்து வெட்டினா தேய்மானமும் சேர்ந்து காப்பி ஆகும், அதனால வண்டியோட வந்த டேக்ல சாவி கோட் (code) நம்பர், அதாவது சாவியை எப்படி வெட்டணும்னு சொல்ற நம்பர் இருந்தா அதை வச்சு வெட்டித் தரச் சொல்லுங்க. மடக்கு ஸ்பிரிங் தனியா கழண்டு வந்துட்டா திரும்ப மாட்டறப்போ கொஞ்சம் முறுக்கிட்டுத்தான் மூடணும், முறுக்காம மூடினா பிளேடு வெளிய வராது.

முழுசா மூடறதுக்கு முன்னாடி டெஸ்ட்

கவரை லேசா சேத்து பிடிச்சுக்கிட்டு காருக்கு போங்க. ஜன்னல் கண்ணாடியை இறக்கி வச்சுட்டு எல்லா பட்டனையும் அமுக்கிப் பாருங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் ஓட விடுங்க, ஸ்பேர் சாவி அப்போ வண்டிகிட்டயே இருக்கக் கூடாது, அதோட சிக்னலை வாங்கிக்கிட்டு வண்டி நம்மள ஏமாத்திடும். ஸ்டார்ட் ஆகி நின்னு போச்சுன்னா சிப் எங்கேயோ விட்டுப் போச்சு, பழைய கவரை திரும்ப பாருங்க. இன்ஜின் ஓடுது ஆனா ரிமோட் மட்டும் வேலை செய்யலன்னா பேட்டரி தலைகீழா இருக்கும், இல்ல கிளிப் தொடல. எல்லாம் சரின்னா கிளிப்பை அழுத்தி மூடி ஸ்க்ரூவை விரல் பலத்துலயே இறுக்குங்க, அதுக்கு மேல போனா பிளாஸ்டிக் மரை போயிடும். உள்பக்கம் சூப்பர் குளூ தடவாதீங்க, அடுத்த பேட்டரி மாத்தறப்போ உடைச்சுத்தான் திறக்க வேண்டி வரும்.

கழட்டின பழைய செல்லை மேஜைலயே விட்டுட்டு எழுந்திரிக்காதீங்க. குழந்தை முழுங்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயை அரிச்சுடும், தீர்ந்து போன செல்லுன்னாலும் அந்த ஆபத்து இருக்கு. ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, எலக்ட்ரானிக் கழிவு வாங்கற இடத்துல குடுக்கற வரைக்கும் எட்டாத உயரத்துல வைங்க.