பிள்ளையைக் காணோமா? முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள்

உடலை நாலாபுறமும் சீராக அழுத்தும் தண்ணீர், ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குப் பெரிய ஆறுதல். மினுமினுப்பும் சலசலப்பும் வேறு இழுக்கும். ஆழம் என்ற பயம்தான் பலருக்கு எழுவதில்லை. அதனால் பிள்ளையைக் காணோம் என்றால், அருகிலுள்ள குளம், கிணறு, தொட்டிகளை முதலில் பாருங்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது. வாளியில் அரையடித் தண்ணீரே ஆபத்து, குளித்ததும் கவிழ்த்துவிடுங்கள். வாசல் கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளும், திறந்தால் ஒலிக்கும் மணியும் வேண்டும்.

நீச்சல் வகுப்பு சில நாள் சட்டையோடும் நடக்கட்டும். நீச்சலுடையில் மட்டுமே பழகிய பிள்ளை, உடுத்திய துணியோடு விழுந்தால் திணறிப்போகும். நீல நீச்சலுடை வேண்டாம், தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. பளீர் ஆரஞ்சு வாங்குங்கள்.

பிள்ளையின் தண்ணீர் ஆசையை அடக்கியே வைக்காதீர்கள். தினமும் ஒரு நேரம் ஒதுக்கி, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, போனைத் தொடாமல் விளையாட விடுங்கள்.