வீட்டில் பனீர்: சத்து எங்கே தங்குகிறது, எங்கே வடிகிறது?

பால் திரிந்துவிட்டால் எங்கள் பாட்டிக்கு அன்று முழுக்க மனசே சரியிருக்காது. நான் வேண்டுமென்றே திரிய வைப்பதைப் பார்த்து, "காசு குடுத்து வாங்கின பாலை இப்படிக் கெடுக்கிறியேடி" என்றார். ருசி பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

சீஸ் செய்து பழக பனீர்தான் சுலபம். பாலை உறைய வைக்கும் ரென்னெட் என்ற நொதியைத் தேடி அலைய வேண்டாம், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

1. பால்

ஃபுல் க்ரீம் பால் 1 லிட்டர். ஆவின் என்றால் ஆரஞ்சு பாக்கெட், கொழுப்பு 6 சதவீதம். கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் 3 சதவீத நீல பாக்கெட் போதும். பனீர் குறைவாகக் கிடைக்கும், மெல்லும்போது சற்று ரப்பர் மாதிரி இருக்கும்.

2. காய்ச்சுதல்

அடிப்பிடிக்காமல் கிளறி, பொங்கி வரும்வரை காய்ச்சுங்கள். பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். மீதிதான் ஜிம்முக்குப் போகிறவர்கள் டப்பாவில் வாங்கும் வே புரோட்டீன். பால் நன்றாகக் கொதித்தால்தான் அதிலும் ஒரு பகுதி கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான பாலில் எலுமிச்சையைப் பிழிந்தால் அது வடிநீரோடு போய்விடும்.

3. திரிய வைத்தல்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, ஸ்பூன் ஸ்பூனாக விட்டு மெதுவாகக் கிளறுங்கள். முதல் ஸ்பூனில் ஒன்றும் நடக்காது. பிறகு கரண்டியில் மணல்மணலாக ஒட்டும். அப்புறம் திட்டுத்திட்டாகப் பிரியும். இடையில் உள்ள நீர் இன்னும் வெள்ளையாக இருந்தால் மேலும் ஒரு ஸ்பூன். இளம்பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த நிறம் ரிபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின். அதற்கு மேல் விட்டால் பனீர் புளிக்கும், கெட்டிப்படும்.

4. வடித்தல்

மெல்லிய பருத்தித் துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, மூட்டை கட்டிப் பிழியுங்கள். மேலே அம்மிக் குழவியை அரை மணி நேரம் வைக்கலாம். துணியில் சோப்பு வாசனை இருக்கிறதா என்று முதலில் மோந்து பாருங்கள். என் முதல் பனீர் துவைத்த துண்டு மாதிரியே மணந்தது.

லிட்டருக்குச் சுமாராக 150 முதல் 200 கிராம் கிடைக்கும். 50 கிராம் துண்டில் புரதம் ஏழெட்டு கிராம், ஒரு முட்டையைவிடக் கொஞ்சம் கூடுதல். முட்டையும் தொடாத சைவக்காரர்களுக்கு இதில் கிடைக்கும் பி12 பெரிய விஷயம். கொழுப்பும் பத்து கிராமுக்கு மேல் இருக்கும், அதனால் அளவு முக்கியம். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸில் பெரும்பகுதி வடிந்துவிடுவதால், பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் சிறு துண்டில் தொடங்கிப் பார்க்கலாம். பால் அலர்ஜி என்றால் தொடவே கூடாது, அது வேறு சங்கதி.

கால்சியத்தில் பனீர், செடார் என்ற கெட்டியான சீஸிடம் தோற்கும். எலுமிச்சையின் புளிப்பு கேசீனில் இருக்கும் கால்சியத்தில் ஒரு பங்கைக் கரைத்து நீரில் விட்டுவிடுகிறது. ரென்னெட்டில் உறையும் செடாரில் 100 கிராமுக்குச் சுமார் 700 மில்லிகிராம் கால்சியம். ஆனால் சோடியமும் 600 மில்லிகிராமைத் தாண்டும். நம் பனீரில் உப்பே போடவில்லை. பிரஷர்காரர்களுக்கு நான் பனீரைத்தான் சொல்வேன்.

5. வடிநீர்

கீழே ஊற்றாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையுங்கள், மிருதுவாக வரும். ரசத்தில் சேர்த்தால் புளியைப் பாதியாக்கிவிடுங்கள். பனீரைத் தண்ணீரில் மூழ்க வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தினமும் தண்ணீர் மாற்றி, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.