கோடியக்கரையில் துகள்மானி காட்டிய பொய்யளவு

கோடியக்கரையில் நான் நிறுவிய லேசர் துகள்மானி (துகள்கள் சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு காற்றின் தூசை அளக்கும் கருவி), விடியற்காலையில் பி.எம். 2.5 அளவை, அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகள்களின் அளவை, பன்மடங்கு உயர்த்திக் காட்டியது. அதே காற்றின் தூசைப் பிடித்த வடிதாளை எடைபோட்டால் அத்தனை தூசு இல்லை. விசிறியைத் துடைத்தும் உணரியை மாற்றியும் பயனில்லை. ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது தாவிய எண், நண்பகலில் அது 60 விழுக்காட்டுக்கு இறங்கிய பின்னும் இறங்கவில்லை என்பதே வழிகாட்டியது. கடற்காற்றின் உப்புத்துகள் ஏறத்தாழ 75 விழுக்காட்டில் நீரை ஈர்த்துக் கரைந்து பருக்கிறது. ஆனால் 45 விழுக்காட்டையொட்டி வறண்டால்தான் மீண்டும் உலர்கிறது. ஆகவே இடைப்பட்ட ஈரப்பதத்தில் துகள் பருத்தும் இருக்கலாம், உலர்ந்தும் இருக்கலாம்; ஈரப்பதத்தை மட்டும் கொண்ட திருத்தச் சூத்திரம் இங்கே பொருந்தாது. காற்று நுழையும் குழாயில் சிறு சூடேற்றியைச் சுற்றி, உள்ளே ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்குக் கீழே நிறுத்தியதும் எண்கள் சீராயின, பெரும் நிம்மதி. பார்வைத்தொலைவை மறைப்பது ஈரத்தில் பருத்த துகளே என்பதால், அதற்குச் சூடேற்றாத அளவையும் தனியே பதிவுசெய்கிறேன்.